எண்பத்தேழாம் பக்கத்தில் பேனை வைத்தவள்

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் நாவலின் இரண்டாம் பதிப்பை ஒட்டுசுட்டானில் வெளியிட்ட அன்று, அந்த விழாவை ஓடியாடி ஒழுங்குசெய்த வாசகி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதை விட்டுவிட்டு மேடைக்குத் திரும்பிப் போனேன். கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து, சாப்பிடக்கூட இல்லை, கணினியைத் திறந்தேன். நேரில் முடியாததைக் கதையிலாவது செய்வோம், அவளை ஒரு பாத்திரமாக்கி நாலு வாங்கு வாங்குவோம் என்பதுதான் எண்ணம். எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனுக்கு இந்த அற்பத்தனமும் உண்டு. நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

[முதல் தொடக்கம், வெட்டியது: "இலக்கியக் கூட்டங்களைச் சுற்றித் திரிகிற சில பெண்களுக்குப் புத்தகத்தைவிடப் புகழில்தான்"] பொய். அவளுக்குப் புகழ் வேண்டியிருக்கவில்லை. வேண்டியது வேறொன்று.

[இரண்டாம் தொடக்கம், வெட்டியது: "ஆவணி வெயில் முத்தையன்கட்டுக் குளத்தின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒற்றைக் கொக்கு"] கொக்கு வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதையாவது சொல்லப் பயமாக இருந்தால் நான் கொக்கை எழுதுவேன். என் நாவலில் பதினான்கு கொக்குகள் இருக்கின்றன. எண்ணிச் சொன்னவளும் அவள்தான்.

மூன்றாவது தொடக்கம்: "சுதர்சினி புத்தகப் பெட்டியைப் பிரித்தாள்." இது நிற்கும் போல இருக்கிறது.

அதற்கு முன் இரண்டு விஷயம். சுதர்சினி என்பது அவளுடைய சொந்தப் பெயர். மாற்றவா என்று கேட்டேன், தொடக்கூடாது என்றுவிட்டாள். எழுத்தாளரை நான் குகதாசன் என்றே எழுதப்போகிறேன். அது நான்தான், ஆனால் மூன்றாம் ஆளைப் போல எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறைகிறது. இன்னுமொரு பொய் வந்துவிடக்கூடாது என்று, எழுத எழுதப் பக்கங்களை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள் குரல்பதிவில் பதில் சொன்னாள். அவற்றை வெட்டாமல் போடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது விழி பிதுங்கிக்கொண்டிருக்கிறேன்.

2

சுதர்சினி புத்தகப் பெட்டியைப் பிரித்தாள். நாலு பெட்டி, இருநூறு பிரதி, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கியவை. விழா நடக்கப்போகிற பொதுநோக்கு மண்டபத்தின் பூட்டு உடைந்து கிடந்தபடியால், அன்றைக்குவரை பெட்டிகளை அவளுடைய வீட்டில்தான் வைத்திருக்கவேண்டும். அவளுக்கு முப்பத்து மூன்று வயது, முன்பள்ளி ஆசிரியை. குகதாசனின் நாவலை ஏழு தரம் வாசித்தவள். தன்னிடமிருந்த முதற்பதிப்புக்குப் பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுவதுபோல மண்ணிறத் தாளில் உறை போட்டு வைத்திருந்தாள்.

இங்கே ஒரு விழா வையுங்கோ என்று எழுத்தாளரைக் கரைத்தவள் அவள். மண்டபம் எடுத்தது, கதிரை எடுத்தது, ஒலிபெருக்கிக்காரனைப் பிடித்தது, பதாகை அடித்தது, தேநீர், ரோல்ஸ், எல்லாம் அவள் தலையில். அழைப்பிதழில் மட்டும் அவள் பெயர் கடைசி வரியில், நன்றியுரைக்கு நேரே இருந்தது. எங்கள் பக்கத்து விழாக்களில் அப்படித்தான். மாடாய் உழைத்தவருக்கு நன்றியுரையைக் கொடுப்பார்கள். அதற்கு முன்னரே தேநீர் கொடுபட்டுவிடும். குடித்த சனம், ஐந்தரைக்குப் பிறகு வீதிக்கு யானை வந்துவிடும் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடும். நன்றியுரையை வெறுங்கதிரைகளுக்குச் சொல்லிவிட்டு, பேசியவரே அந்தக் கதிரைகளை அடுக்கவேண்டும்.

சுதர்சினி நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்யும்போது தேநீரை நன்றியுரைக்குப் பின்னால் போட்டாள். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

பெட்டியிலிருந்து முதல் பிரதியை எடுத்து முகர்ந்தாள். பின்னட்டையில் எழுத்தாளரின் படத்தைப் பார்த்து, ஆள் மெலிந்துவிட்டார் என்று கவலைப்பட்டாள். பிறகு நேரே எண்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினாள். மேலிருந்து ஆறாவது வரி. அந்தச் சொல் அப்படியே இருந்தது. நாலு வருடங்களுக்கு முன் அவள் மெசெஞ்சரில் அவருக்கு எழுதியிருந்தாள்: ஐயா, எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, அடுத்த பதிப்பு வந்தால் ஒருக்கால் பாருங்கோ. அவர் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதைச் சம்மதம் என்று நம்பிக்கொண்டு நாலு வருடம் இருந்திருக்கிறாள் பாவி மனுசி.

(அந்தக் கைகூப்பை நான் ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு அனுப்புவேன். வாசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன் என்று சொல்லமாட்டேன்.)

அவள் போய்ப் பேனை எடுத்துவந்தாள். சிவப்பு வேண்டாம், அது பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற நிறம். நீலம் எடுத்தாள். படப்புத்தகத்தில் பிள்ளைகள் கிறுக்கினாலே ஏசுகிறவள், அச்சடித்த புத்தகத்தில் பேனை வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். அந்தச் சொல்லின் நடுவால் ஒற்றைக் கோடு போட்டாள். மேலே, பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதிக் காட்டுகிற அந்த வட்ட எழுத்தில், மீனம்மா என்று எழுதினாள். அடுத்த பிரதியை எடுத்தாள். பின்னேரங்களில், முன்பள்ளி விட்டு வந்த பிறகு, ஆறு நாள். இருநூறு பிரதியும் முடிந்தன.

* சுதர்சினியின் குரல்பதிவு: "எழுதேக்க கண்ணீர் விட்டன் எண்டு முதல் எழுதியிருந்தனீங்கள். நான் அழேல்ல. நாப்பதாவது புத்தகத்தோட கை உளைஞ்சுது, நோவெண்ணெய் பூசினனான். அதை எழுதுங்கோ."

எழுதிவிட்டேன்.

3

இந்தப் பாத்திரத்தை என்னால் நம்பமுடியவில்லை. பாத்திரங்களை ஆக்கத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வாசகி என்றால் ஒன்றில் எழுத்தாளரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவேண்டும், இல்லையென்றால் புத்தகத்தைத் தூக்கி எறியவேண்டும். ஏழு தரம் வாசித்து, உறை போட்டு, படத்தைப் பார்த்து மெலிந்துவிட்டார் என்று கவலைப்பட்டு, அதே கையால் இருநூறு பிரதியில் கோடு போடுகிற ஆளை எப்படி எழுதுவது? ஒரு பக்கத்தைக் குறைத்துவிடுகிறேனே என்று கேட்டேன்.

* "ரெண்டும் நான்தான். அந்தப் புத்தகம் எனக்கு வேண்டாம் எண்டால் நான் ஏன் பேனையை எடுக்கிறன்? பேசாமல் விட்டிருப்பன்."

சரி. எண்பத்தேழாம் பக்கத்துக்கு வருவோம். இனித் தள்ளிப்போட முடியாது, கொக்கும் கைவசம் இல்லை.

அந்தப் பக்கம் உடையார்கட்டில் நடக்கிறது, இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தில். இடம்பெயர்ந்து வருகிற கதாநாயகன், பிறந்து பதினெட்டு நாளான குழந்தையோடும் மனைவியோடும் வீதியில் நிற்கிறான். ஷெல் விழுகிறது. ஒரு பெண் அவர்களைத் தன் பங்கர்க் குழிக்குள் கூப்பிட்டுக்கொள்கிறாள். நாலு நாள் வைத்திருக்கிறாள். தாய்க்குப் பால் வற்றிப்போக, சீனித்தண்ணீரைக் கரண்டியால் பிள்ளைக்குப் பருக்குகிறாள். பங்கருக்கு மண்மூட்டை போதாமல், தன்னுடைய கூறைச்சேலையைக் கிழித்து மூட்டை தைக்கிறாள். அரைப் பக்கம்தான். நாவலிலேயே நல்ல இடம் அதுதான் என்று எல்லோரும் எழுதினார்கள். ஒரு விமர்சகர் மண்ணின் மொழி என்று புகழ்ந்தார்.

நாவலில் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. கதாநாயகன் வீட்டு நாய்க்கு இருக்கிறது, உழவு இயந்திரத்துக்குக்கூட ஒரு செல்லப்பெயர் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இல்லை. அவள் [        ] என்று மட்டும் வருகிறாள்.

அடைப்புக்குள் வரவேண்டியது, மலையகத்திலிருந்து எழுபத்தேழாம் வருடத்து இனக்கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்தை எங்கள் ஆட்கள் கூப்பிடுகிற சொல். தோட்டத்தையும் காட்டையும் சேர்த்து ஒட்டினால் வரும். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். எங்கள் குசினியில் அந்தச் சொல் உப்பு, புளி மாதிரிப் புழங்கியது. வயலில் எங்களுக்கு வேலை செய்தவர்களை அப்படித்தான் சொன்னோம், அவர்கள் முற்றத்தில் நிற்கும்போதே சொன்னோம். நாவல் எழுதும்போது அது தானாக விரல்நுனிக்கு வந்தது. நான் அதைத் தேடிப் போடவில்லை. அதுதான் எனக்கு இப்போது பெரிய வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நாலு நாளும் கற்பனை இல்லை. நான்தான் அந்த வீதியில் நின்றேன். குழந்தை என்னுடைய மகள். அந்தப் பெண் பிசைந்து தந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு நாலு நாள் அந்தக் குழிக்குள் குந்தியிருந்தேன். அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்தக் குழிக்குள் பதினாறு பதினேழு வயதில் ஒரு பெட்டையும் இருந்திருக்கிறாள், தாயோடு சேர்ந்து மூட்டை தைத்தபடி. என் நாவலில் அவள் வருவதே இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு வவுனியாவில் நூலகமொன்றில் ஒரு நாவலை எடுத்துப் புரட்டியவள், எண்பத்தேழாம் பக்கத்தில் அந்தச் சேலையைக் கண்டிருக்கிறாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. தன் தாயின் சேலை.

* "என்ர அம்மா வாற ஒரே புத்தகம் அது. வேற ஆர் எங்களை எழுதினவை? அதாலதான் ஏழு தரம் வாசிச்சனான். அதாலதான் அந்தச் சொல்லு ஏழு தரமும் சுட்டது."

4

விழா மூன்று மணிக்கு என்று போட்டு, வழக்கம்போல மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. சுதர்சினி கால் நிலத்தில் படாமல் நின்றாள். விளக்குக்குத் திரி போட்டாள், ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தாள், தாய் மீனம்மாவைக் கொண்டுவந்து மூன்றாம் வரிசை ஓரத்தில் இருத்தினாள். குகதாசனுக்கு வியர்க்கிறது என்று மின்விசிறியை மேடைப் பக்கம் திருப்பியும் வைத்தாள். அவர் அவளைப் பார்த்து, உம்மைப் போல நாலு பேர் இருந்தால் போதும் பிள்ளை என்றார். அவளுக்கு உள்ளே குளிர்ந்துதான் போனது. இன்றைக்கு அவர் தன்னை வெறுக்கப்போகிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவரையும் இழக்க விருப்பமில்லை, அம்மாவின் பெயரையும் விடமுடியாது. இதுதான் அன்று அவளுடைய நிலைமை.

முதற்பிரதி வாங்கியவர் அரிசி ஆலை முதலாளி. அவர் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திறக்காமலே கதிரையில் வைத்தார். ஆகவே ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வுரைக்கு ஓய்வுபெற்ற அதிபர் செல்வநாயகம் எழும்பினார். நாவலின் உச்சம் இதுதான் என்று சொல்லி, மேசையிலிருந்த புதுப் பிரதியை எடுத்து எண்பத்தேழாம் பக்கத்தை உரத்து வாசித்தார். "கூறைச்சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்துக்கொண்டிருந்த..." என்று வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குகதாசனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "மீனம்மா" என்று வாசித்துவிட்டு மேலே போனார்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் நிமிர்ந்தாள்.

குகதாசன் தன் கையிலிருந்த பிரதியைத் திறந்தார். அடுத்ததைத் திறந்தார். மேசையிலிருந்த ஆறையும் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை. யாரோ ஒரு பிள்ளை பாட்டுப் பாட மேடைக்கு வந்த நேரம் பார்த்து, இறங்கி மண்டபத்தின் பின்பக்கம் போனார். அங்கே சுதர்சினி, மூடி திறக்காத தேநீர்ப் பீப்பாவுக்குக் காவலாக நின்றாள்.

(இந்த இடத்தை ஆறு தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் நான் இன்னும் கொஞ்சம் நல்ல வசனம் பேசினேன். ஆறையும் எறிந்துவிட்டு நடந்ததைப் போடுகிறேன்.)

"ஆரைக் கேட்டு என்ர புத்தகத்தில கை வைச்சனீர்?"

"நீங்கள் ஆரைக் கேட்டு என்ர அம்மாவை எழுதினனீங்கள்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பாட்டுப் பாடுகிற பிள்ளைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற கவனம்கூட அவளுக்கு இருந்தது. குகதாசனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. அது தன் சொல் இல்லை, பாத்திரத்தின் சொல், யதார்த்தம் என்றால் அப்படித்தான், இலக்கியம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாரும் என்று அடுக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"சரி ஐயா. அப்ப நாலு நாளும் பெயர் கேக்காமல் இருந்தது ஆர்? பாத்திரமோ, நீங்களோ?"

இதுதான் அந்தக் கேள்வி.

5

ஏற்புரையில் குகதாசன் பன்னிரண்டு நிமிடம் பேசினார். போர், நினைவு, எழுத்தின் அறம் என்றெல்லாம் வந்தது. பேனைக் கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மூன்றாம் வரிசைப் பக்கம் அவர் திரும்பவும் இல்லை. எழுத்தின் அறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அதைச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடேறுகிறது.

பிறகு நன்றியுரை. தேநீர் இன்னும் வராதபடியால் ஒருவரும் எழும்பவில்லை. சுதர்சினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

[வெட்டியது: "அவளுடைய குரல் கணீரென்று ஒலித்தது."] குரல் நடுங்கியது. கதிரை தந்த சங்கத்துக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி சொல்லி முடிக்கும்வரைக்கும் நடுங்கியது. பிறகு தாளை மடித்து வைத்தாள்.

"புத்தகத்தில நீல மையால எழுதினது நான். அச்சகத்தின்ர பிழையும் இல்லை, ஐயாவின்ர வேலையும் இல்லை. ஐயாவுக்கு நன்றி, அவர் எழுதினபடியாத்தான் என்ர அம்மா ஒரு புத்தகத்தில இருக்கிறா. அவாவுக்குப் பெயர் மீனம்மா. அந்தா இருக்கிறா. கோடு போட்ட புத்தகம் வேண்டாம் எண்டுற ஆக்கள் திருப்பித் தரலாம், ஒண்டும் நினைக்கமாட்டன். ஆனால் பெயரை அழிச்சுத் தாங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது. இப்ப எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

[வெட்டியது: "மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது."]

* "ஆரும் கைதட்டேல்ல. மூண்டு பேர் புத்தகத்தைத் திருப்பித் தந்தவை. அதில ஒராள் எங்கட பிள்ளையளைத் தன்ர வயலுக்கு வேலைக்குக் கூப்பிடுறவர். கூப்பிடேக்க சொல்லுறதும் அந்தச் சொல்லுத்தான். அந்தப் புத்தகம் மூண்டும் இப்ப என்ர முன்பள்ளியில இருக்கு."

கதிரைகளை அடுக்கியதும் அவள்தான். குகதாசன் வாடகை வானில் ஏறப்போனபோது மீனம்மா பக்கத்தில் வந்து நின்றா. அறுபதை நெருங்குகிற வயது, மெலிந்த கை. வன்னியிலேயே வளர்ந்தாலும் வீட்டுப் பேச்சில் இன்னும் மலையின் சாயல் போகவில்லை. ஏசப்போகிறா என்று குகதாசன் நினைத்தார், ஏசினால் நல்லது என்றும் நினைத்தார்.

"அந்தக் கைப்புள்ளைக்கு என்னங்க பேரு வச்சீங்க? அன்னைக்குப் பேரே வைக்காம இருந்துச்சே."

யதுர்ஷிகா என்றார். இந்த வருடம் உயர்தர வகுப்புத் தொடங்கியிருக்கிறாள் என்றார். மீனம்மா அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தா, இரண்டாம் தரம் சரியாக வந்தது. பதினேழு வருடமாக அவாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது, ஆனாலும் கேட்கவேண்டும் என்று இருந்திருக்கிறது. குகதாசன் வானில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

6

முடிவு. மூன்று எழுதினேன், மூன்றையும் அவளுக்கு அனுப்பினேன்.

ஒன்று: குகதாசன் வானைத் திருப்பச் சொல்கிறார், இறங்கிப் போகிறார், மீனம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார்.

* "நீங்கள் கேக்கேல்லை. கேக்காததைக் கேட்டதா எழுதாதேங்கோ. கேக்கிறதெண்டால் வந்து கேளுங்கோ, வீடு தெரியும்தானே."

இரண்டு: சில மாதங்களின் பின் சுதர்சினி கடிதம் எழுதுகிறாள். ஒரு எழுத்தாளரின் புத்தகத்தில் கை வைத்தது பிழை என்று உணர்கிறாள். இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

* (பதினொரு விநாடிக் குரல்பதிவு. சிரிப்பு மட்டும்.)

மூன்று: மூன்றாம் பதிப்பில் அந்தச் சொல் போய், மீனம்மா என்ற பெயர் அச்செழுத்தில் துலக்கமாக நிற்கிறது. இதை அவள் ஏற்றுக்கொள்வாள் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

* "சொல்லைத் துடைச்சுப்போட்டு நல்ல பிள்ளையா நிக்கப் பாக்கிறீங்கள். நான் ஏன் ஒற்றைக் கோடு போட்டனான்? அழிக்கிறதெண்டால் வெள்ளை மை பூசியிருப்பன். கீழ என்ன இருந்தது எண்டு தெரியவேணும், அதை வெட்டினதும் தெரியவேணும். என்ர கையெழுத்தோட அப்பிடியே அச்சடியுங்கோ. ஏலாதெண்டால் விடுங்கோ, வாற புத்தகம் ஒவ்வொண்டிலயும் நான் எழுதுவன். பேனை மலிவு."

அச்சகத்துக்காரர் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். புத்தகம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா என்கிறார். இலக்கிய நண்பர்கள், வாசகி சொல்லி எழுத்தாளன் மாற்றினால் நாளைக்கு எல்லோரும் பேனையோடு வருவார்கள் என்கிறார்கள். வரட்டுமே என்று சொல்ல வாய் உன்னுகிறது, இன்னும் சொல்லவில்லை. மூன்றாம் பதிப்பின் கோப்பு என் மேசையில் எண்பத்தேழாம் பக்கத்தில் திறந்தபடி கிடக்கிறது. ஒட்டுசுட்டானுக்குக் காலை ஆறரைக்கு பஸ் எடுத்து மாங்குளத்தில் மாறி ஏறவேண்டும். மூன்று தரம் பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

கடைசியாக அவளிடம் ஒன்று கேட்டேன். கீழே என்ன இருந்தது என்று தெரியவேண்டும் என்கிறாயே, அப்படியென்றால் இந்தக் கதையின் அடைப்புக்குள்ளும் அந்தச் சொல்லை எழுதவா? எழுதிக் கோடு போடவா? அரை நாள் கழித்துப் பதில் வந்தது.

* "வேண்டாம். வெறுமையா விடுங்கோ. எங்கட பக்கத்து ஆக்கள் வாசிப்பினம். அதில வந்து நிக்கேக்க ஆரின்ர வாயில அந்தச் சொல்லு தானா வருகுதோ, கோடு போடவேண்டியது அவையள்தான்."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் இந்தக் கதையை வாசித்துக்கொண்டு வரும்போது மூன்றாம் பகுதியில் ஒரு அடைப்பைக் கண்டீர்கள். கண்ட உடனேயே அதை நிரப்பிவிட்டீர்களா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நான் எழுதியதைப் பார்த்து நான் வெட்கப்பட்டாயிற்று, இனி உங்கள் பாடு. ஒரு பேனை எடுத்துக்கொள்ளுங்கள், நீலமாக இருந்தால் நல்லது. பெயர் உங்களுக்குத் தெரியும். எண்பத்தேழாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி:

கூறைச்சேலையைக் கிழித்து மண்மூட்டை தைத்துக்கொண்டிருந்த [                ] எங்களைக் கண்டதும் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, உள்ளே வாருங்கள் என்றாள்.